மறுகுரல் பேசிய ஆறு மணி நேரம்

போர்க்களத்தில் தலைவர் விழுந்துவிட்டால் அடுத்த உத்தரவு எங்கிருந்து வரும்? என்னுடைய பதினோரு வருட வேலையை இந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம்.

என் பெயர் எஸ்தர் சுகிர்தா. பாளையங்கோட்டையில் பிறந்து, கணிப்பொறி படித்து, ராணுவத்துக்காக வேலை செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவள். சண்டை நடக்கும்போது ஒரே இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் கவச வண்டிப் படைகளுக்கான தகவல் தொடர்புதான் என் துறை. அந்தப் படைகளுக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. முன்வண்டியில் இருக்கும் தலைவருக்கு மட்டுமே முழு நிலவரமும் தெரியும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த மூத்தவர் பொறுப்பேற்க வேண்டும். அவரோ மூன்று கிலோமீட்டர் பின்னால், தூசிக்குள், வேறொரு வண்டியில் இருப்பார். எதிரி அலைவரிசையை அடைத்துவிட்டால் தலைமையகத்தையும் கேட்க முடியாது. அவர் நிலவரத்தைப் புரிந்துகொள்வதற்குள் ஆட்கள் செத்துவிடுவார்கள்.

அதற்காக நாங்கள் செய்த கருவிக்கு மறுகுரல் என்று பெயர் வைத்தோம். ஒரு பழைய டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். தலைவர் எப்படி யோசிப்பார், எதற்கு முன்னுரிமை கொடுப்பார், எப்போது பின்வாங்குவார் என்பதையெல்லாம் அது அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளும். அவர் விழுந்தால், அல்லது அவரோடு தொடர்பு அறுந்தால், எல்லா வண்டிகளிலும் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதன் பிறகு வரும் உத்தரவு மறுகுரலுடையது. ஆனால் காதில் விழுவது தலைவரின் குரல். பழகிய குரல் கேட்டால் பதற்றம் குறையும் என்பது எங்கள் கணிப்பு.

முதல் கருவியை மேஜர் திருவரங்கனின் படைப்பிரிவுக்குக் கொடுத்தோம். மேற்கு எல்லையில், பாலைவனமும் உப்புச் சமவெளியும் சந்திக்கிற இடத்தில் அவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் தமிழ் ஆட்கள். வண்டிக்குள் பேச்சு தமிழில்தான். கருவிக்குக் கற்பிக்க நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் தயாரித்து அனுப்பினேன். ஒவ்வொரு கேள்வியையும் மேஜரிடம் சத்தமாக வாசித்து, அவர் பதிலைப் பதிவு செய்து, ஏன் என்று துருவிக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மேஜரின் வயர்லெஸ் ஆளான நாயக் இருளப்பன் அந்த வேலையைச் செய்தார். நாயக் என்பது ஹவில்தாருக்கும் கீழே உள்ள பதவி. கமுதிக்காரர். இருபத்தெட்டு வயது. மூன்று மாதம், தினமும் மாலை டீக்குப் பிறகு ஒரு மணி நேரம், வண்டி நிழலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

ஜனவரியில் சண்டை மூண்டது. மூன்றாம் நாள் காலை ஒன்பது நாற்பதுக்கு, ஒன்பது வண்டிகளில் ஐம்பத்து நாலு பேரோடு சமவெளியைக் கடந்துகொண்டிருந்த படையின் மேல் ட்ரோன்கள் விழுந்தன. வண்டியின் மேல்கதவில் நின்றிருந்த மேஜர் அந்த இடத்திலேயே இறந்தார். தலைமையகத்தோடு தொடர்பு அறுந்தது. எல்லா வண்டிகளிலும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

மாலை மூன்று ஐம்பதுக்கு எட்டு வண்டிகள் முகாமுக்குத் திரும்பி வந்தன. ஐம்பத்திரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். மேஜரைத் தவிர ஒரே ஒருவர்தான் இறந்திருந்தார், தன் ஆட்களை வேறு வண்டிகளில் ஏற்றிவிட்டு ஆறாம் எண் வண்டியோடு பின்னால் நின்ற ஹவில்தார் சடையாண்டி. ஆறு மணி நேரமும் மேஜரின் குரலில் உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன என்று எல்லாரும் சொன்னார்கள்.

மறுகுரல் வேலை செய்துவிட்டது. அப்படித்தான் நானும் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அறிக்கை எழுதுவதற்காக அந்த முகாமுக்குப் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றியை நான் ஒரே நாளில் வாங்கியதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தூத்துக்குடிக்கார டிரைவர் ஒருவர் தன் அம்மாவைப் போனில் பிடித்து என் கையில் கொடுத்தார். அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார். கூடத்தின் மூலையில், நான் மாற்றாக அனுப்பியிருந்த இன்னொரு மறுகுரல் பெட்டி இருந்தது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் ஒரு வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். பிறகு எனக்கும் கண் கலங்கியது.

மாத முடிவுக்குள் அறுபது படைப்பிரிவுகளில் மறுகுரலைப் பொருத்துவதாக மேலிடத்தில் முடிவாகியிருந்தது. என் கையெழுத்துதான் பாக்கி.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பதிவுகளைப் பார்த்துவிடலாம் என்று மதியம் உட்கார்ந்தேன். மேஜரின் வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பெட்டி மேசை மேல் இருந்தது. ஒரு பக்கம் கருகியிருந்தது. நினைவகத்தை இணைத்துப் பார்த்தேன். முடிவெடுக்கும் பகுதியின் கடைசிப் பதிவு காலை ஒன்பது நாற்பத்தொன்று.

எனக்குப் புரியவில்லை. மறுபடி பார்த்தேன். மேஜர் விழுந்து ஒரு நிமிடத்தில் மறுகுரலின் மூளை எரிந்து போயிருந்தது. ஆனால் குரல் கொடுக்கும் பகுதி மட்டும் மாலை வரை உயிரோடு இருந்திருக்கிறது. அது நூற்று முப்பத்தேழு வாக்கியங்களைப் பேசியிருக்கிறது. அந்த வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன?

சோதனைத் திரையிலிருந்து.

அது என் தவறு. ஆய்வுக்கூடத்தில் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு சின்னத் திரை வைத்திருந்தோம். அதில் எதைத் தட்டச்சு செய்தாலும் கருவி அதை மேஜரின் குரலில் பேசும். களத்துக்கு அனுப்பும்முன் அதை நீக்கியிருக்க வேண்டும். பாதுகாப்பு விதிப்படி மிகப் பெரிய ஓட்டை. அவசரத்தில் நான் அதை நீக்க மறந்திருந்தேன். ஆறு மணி நேரமும் யாரோ அதில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். எழுத்துப் பிழைகளோடு, ஒற்றைக் கையால் செய்ததுபோல மெதுவாக.

மேஜரின் வண்டியில் அவரைத் தவிர இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வண்டியை ஓட்டியவர்.

இருளப்பன் ராணுவ மருத்துவமனையில் இருந்தார். இடது கை முழங்கை வரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டு, கொண்டுபோன காகிதத்தைக் கட்டில் மேல் வைத்தேன். நூற்று முப்பத்தேழு வரிகள்.

அவர் காகிதத்தை எடுத்துக் கடைசி வரி வரை படித்தார்.

"பொட்டிய யாரும் தொறந்து பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் மேடம்."

"என்ன நடந்துச்சு தம்பி?"

"மஞ்சள் லைட்டு எரிஞ்சிருச்சு. ஆனா பொட்டியில இருந்து பொக வருது, சத்தமே இல்ல. மத்த எட்டு வண்டியும் வெட்டவெளியில நிக்குது, மறுகுரல் என்ன சொல்லப்போகுதுன்னு காத்துக்கிட்டு. சுபேதார் சாரைக் கூப்புட்டேன். அவர்தான அடுத்து? ரெண்டு தடவ கூப்புட்டேன், பதில் இல்ல. அவர் வண்டி ஆன்டெனா உடைஞ்சிருச்சுன்னு அப்புறந்தான் தெரியும்."

"உங்க குரல்லயே சொல்லியிருக்கலாமே?"

"அஞ்சு ஹவில்தார் இருக்காங்க மேடம். எல்லாரும் என்னைவிட சீனியர். ஒருத்தர் திரும்பிப் போயிரலாம்ங்குறார், ஒருத்தர் வலது பக்கம் போகலாம்ங்குறார். அதுக்குள்ள நான் போயி, 'மேஜர் செத்துட்டாரு, பொட்டியும் எரிஞ்சிருச்சு, நான் சொல்றதக் கேளுங்க'ன்னா யாரு கேப்பா? ட்ரோன் திரும்பி வர்ற நேரம். உங்க ஆளு ஒருத்தர் பொட்டி மாட்ட வந்தப்ப அந்தத் திரையில டைப் பண்ணி விளையாட்டு காட்டுனாரு. அது ஞாபகம் வந்துச்சு."

"என்ன உத்தரவு போடணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கதான மேடம் கேள்வி அனுப்புனீங்க? நானூத்திப் பன்னெண்டும் நான்தான கேட்டேன்? வெட்டவெளியில மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்கன்னு தொண்ணூத்தி மூணாவது கேள்வி. 'நிக்கவே கூடாதுடா, தப்பான பக்கமா இருந்தாலும் முதல்ல நகரு'ன்னாரு. அதத்தான் மொதல்ல டைப் பண்ணேன்."

ஒரு இயந்திரத்துக்குக் கற்பிக்கிறோம் என்று மூன்று மாதம் பாடுபட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்ட மனிதனும் அதையெல்லாம் கற்றுக்கொண்டிருப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தம்பி, ஐம்பத்திரண்டு பேர் உங்களால திரும்பி வந்திருக்காங்க. இத நான் எழுதணும்."

"வேணாம் மேடம்."

"நான் எழுதாம விட்டா, வேலை செய்யாத ஒரு பெட்டிய அறுபது இடத்துல மாட்டுவாங்க. அடுத்த தடவ உள்ள நீங்க இருக்க மாட்டீங்க."

"சடையாண்டியண்ணன நிக்கச் சொன்னது நான் மேடம்" என்றார் மெதுவாக.

திரும்பும் வழியில் குறுக்கிட்ட உப்புச் சதுப்பைக் கடக்க ஒரே ஒரு கெட்டியான பாதைதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு வண்டியாகத்தான் போக முடியும். ட்ரோன் கண்ணில் படாமல் கடக்க வேண்டுமென்றால் ஒரு வண்டி பின்னால் நின்று புகை போட்டு மறைக்க வேண்டும். நிற்கிற வண்டி திரும்பி வருவது சந்தேகம்.

"இதே மாதிரி ஒரு கேள்வி இருந்துச்சு மேடம். ஒரு வண்டிய விட்டுட்டுப் போகணும்னா எத விடுவீங்கன்னு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சார் பதில் சொல்லல. 'அத அன்னிக்குப் பாத்துக்கலாம்டா'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதனால எனக்கு ஒண்ணும் தெரியல. யாரை நிக்கச் சொன்னா ஓடமாட்டாருன்னு யோசிச்சேன். அண்ணன் ஞாபகந்தான் வந்துச்சு." காகிதத்தைத் தள்ளி வைத்தார். "மெஷின் சொன்னதுன்னா அண்ணன் வீட்டு அக்கா மெஷின் மேல கோவப்பட்டுக்குவாங்க. நான் சொன்னதுன்னா அவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அன்று மாலை நான் அறிக்கையை எழுதினேன். சோதனைத் திரையை நீக்காமல் விட்ட என் தவறையும் சேர்த்து எழுதினேன். இருளப்பனைக் காப்பாற்றுகிறேனா, மாட்டிவிடுகிறேனா என்று தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் விசாரணை நடந்தது. பிரிகேடியர் ஒருவரும் இரண்டு கர்னல்களும் உட்கார்ந்திருந்தார்கள். பிரிகேடியர் கேரளத்துக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் அவர் முன்னால் புத்தகமாக விரிந்திருந்தது. ஒரு நாயக், அதிகாரம் இல்லாமல், அதிகாரியின் குரலில், மூத்தவர்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். அதில் ஓர் உத்தரவால் ஒருவர் இறந்திருக்கிறார்.

"உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லைங்க சார்" என்றார் இருளப்பன்.

"பகல் பதினொன்று இருபதுக்கு சுபேதாரின் ஆன்டெனா சரியாகிவிட்டது. அவர் பேசியது பதிவில் இருக்கிறது. அப்போதாவது உண்மையைச் சொல்லிப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருக்கலாம் இல்லையா?"

"சொல்லிருக்கணும் சார். நடுவுல நிறுத்துனா எல்லாரும் கலைஞ்சிருவாங்களோன்னு பயந்துட்டேன். தப்புதான் சார்."

அடுத்த சாட்சியாக சுபேதார் வெள்ளியங்கிரி வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. மேஜருக்கு அடுத்து சட்டப்படி தலைமை ஏற்க வேண்டியவர் இவர்தான். ஆகவே இருளப்பன் மேல் கோபப்பட முழு உரிமையும் இவருக்கு இருந்தது. நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார்.

"உங்களை ஏமாற்றித் தலைமையை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் பிரிகேடியர்.

"என்னைய யாரும் ஏமாத்துலீங்க சார். எனக்குத் தெரியுமுங்க."

அறையில் எல்லாரும் நிமிர்ந்தோம். இருளப்பன் திரும்பி அவரைப் பார்த்தார்.

"என்ன தெரியும்?"

"பேசறது மெசினு இல்லீன்னு தெரியுமுங்க. ஆன்டெனாவக் கட்டி முடிச்சு, காயம்பட்டவங்களுக்குத் தண்ணி குடுக்க அஞ்சு நிமிசம் நிக்கலாங்களான்னு கேட்டனுங்க. 'நிழலாப் பாத்து நில்லுங்கண்ணே'ன்னு பதில் வந்துச்சுங்க. கொரலு என்னமோ மேஜர் சார் கொரலுதான். ஆனா அவரு என்னைய இந்தியில 'சாப்'னுதானுங்க கூப்புடுவாரு. மெசினும் அதத்தான படிச்சிருக்கும்? அந்த வண்டில இருந்துக்கிட்டு என்னைய அண்ணேன்னு கூப்புடற ஆளு ஒருத்தன்தானுங்க."

"தெரிந்தும் ஏன் நீங்கள் பொறுப்பேற்கவில்லை?"

சுபேதார் சொன்னார்.

"நான் கடைசி வண்டில தூசியத் தின்னுக்கிட்டு வந்தனுங்க சார். முன்னால என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பையனுக்குத் தெரிஞ்சுது. அது வரைக்கும் அவன் சொன்னது ஒண்ணுகூடத் தப்பாப் போகலீங்க. நான் நடுவுல பூந்து 'இனி நாந்தான்'னு சொல்லியிருந்தா ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் பாத்திருப்பாங்க. அதான் 'சரிங்க சார்'னு சொல்லிப்போட்டு அவன் பின்னால போனனுங்க."

பிரிகேடியர் எதையோ எழுத ஆரம்பித்தார். சுபேதார் அவரை நிறுத்தினார்.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க சார். பதினொண்ணு இருபதுக்கு அப்புறம் சட்டப்படி தலைமை என்னோடதுங்க. தெரிஞ்சேதான் அத நான் அவன் கையில குடுத்தேன். அதனால அதுக்கு அப்புறம் வந்த உத்தரவெல்லாம் என்ற உத்தரவுங்க. பன்னெண்டரைக்கு ஆறாம் நம்பர் வண்டிய நிக்கச் சொன்னதும் என்ற உத்தரவுதானுங்க. சடையாண்டி சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்."

"இல்ல சார்! அது என்னோடது" என்று இருளப்பன் எழுந்துவிட்டார். விசாரணையில் குறுக்கே பேசக்கூடாது. ஒருவரும் அவரை அதட்டவில்லை.

எட்டு மாதத்தில் நிம்மதியாக ஊருக்குப் போகவேண்டிய மனிதர், யாரும் கேட்காமல் ஒரு மரணத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார். அந்த இளைஞனோ அதைக் கொடுக்கமாட்டேன் என்கிறார். பிரிகேடியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. மூத்தவரின் சம்மதத்தோடு நடந்த உத்தரவுகள் என்பதால் குற்றம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். பதினொன்று இருபதுக்கு முந்தைய உத்தரவுகளுக்காக இருளப்பனுக்கு ஒரு கண்டிப்பு, அதே தாளின் அடுத்த பத்தியில் ஒரு பாராட்டு. எனக்கும் ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அறுபது படைப்பிரிவுகளுக்கான வேலை நின்றது.

மறுகுரலை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. அதன் வேலையைத்தான் மாற்றினேன். இப்போது அது யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. தலைவரையும், அவருடைய வயர்லெஸ் ஆளையும், டிரைவர்களையும், ஹவில்தார்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறது. தலைவர் பதில் சொல்வார். ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள். சில சமயம் சண்டைகூட வரும். தலைவர் விழுந்தால் அவர் மனசு பத்துப் பேரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பெட்டி எரிந்தாலும் அது எரியாது.

போர்நிறுத்தம் வந்து ஏழு வாரம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது.

"நான் மாரிச்செல்வி பேசுறேன். சாத்தூர்ல இருந்து. சடையாண்டி வீட்ல."

"சொல்லுங்கம்மா."

"அந்த நாயக் தம்பியப் பாக்கணும். ஆபீஸ்ல கேட்டா உங்க நம்பரத்தான் குடுத்தாங்க. நீங்களும் கூட இருந்தா நல்லாருக்கும். எனக்கு மெஷின் வெவரமெல்லாம் தெரியாது. கேட்டாச் சொல்றதுக்கு ஆளு வேணும்."

இருளப்பன் அப்போது தோல் ஒட்டுச் சிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "வரச் சொல்லுங்க மேடம்" என்றார்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிடந்த ஆறாம் எண் வண்டியை இழுத்து வந்திருந்தார்கள். அதன் ஒலிப்பதிவுப் பெட்டியை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மாரிச்செல்வி வரும் நாள் காலையில்தான் அதைத் திறந்து கேட்டேன். கேட்டு முடித்ததும் அதை என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டேன்.

மாரிச்செல்வி சாத்தூரில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். ராத்திரி பஸ் ஏறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. இருளப்பன் கட்டிலிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார். அவர் தலை குனிந்தே இருந்தது.

"உக்காருங்க தம்பி. கைல கட்டோட நிக்காதீங்க" என்றார் மாரிச்செல்வி.

அவர் உட்காரவில்லை.

"அக்கா, அண்ணன நிக்கச் சொன்னது நான்தான். சுபேதார் சார் தன்னோடதுன்னு சொன்னாரு. அது உண்மையில்ல."

"தெரியும். சுபேதார் அய்யா வீட்டுக்கு வந்து சொல்லிட்டுத்தான் போனாரு." அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த மெஷின் எரியாம இருந்திருந்தா என்ன செஞ்சிருக்கும்?"

அந்தக் கேள்வியை நான் முன்பே ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பார்த்திருந்தேன். அந்த நாளின் நிலவரத்தை அப்படியே ஊட்டி, மறுகுரலின் பிரதியிடம் உத்தரவு கேட்டேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அதுவும் ஆறாம் வண்டியத்தாம்மா நிக்கச் சொல்லிச்சு. அந்த வண்டிலதான் புகைக்குண்டு அதிகமா மிச்சம் இருந்துச்சு."

"சொல்றதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துச்சு?"

"ஒரு நொடிகூட ஆகல."

"இந்தத் தம்பி?"

இருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். பதிவில் அது இருந்தது. திரையைத் திறந்துவிட்டு ஒன்றும் எழுதாமல், எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்து.

"நாலு நிமிஷம் பத்து நொடி" என்றேன்.

மாரிச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் நிறைந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"ரெண்டு மாசமா, ஏதோ ஒரு பொட்டி கணக்குப் போட்டு எங்க வீட்டுக்காரரக் கழிச்சு விட்டுருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. ரோட்ல வேன ஓட்டும்போதுகூட அதே நெனப்புத்தான். அம்புட்டுப் பேரு உயிரு தொங்கிக்கிட்டு இருக்கும்போது, அவரை விடுறதுக்கு மனசு வராம ஒருத்தர் நாலு நிமிஷம் தவிச்சிருக்காருல்ல? எனக்கு அது தெரிய வேண்டியிருந்துச்சு."

இருளப்பன் அப்போதுதான் கட்டிலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. கட்டில்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

"ரெண்டு பேருமே இதக் கேக்கணும். அந்த வண்டிய இழுத்துட்டு வந்துட்டாங்க. அன்னிக்கு ஆறாம் வண்டியில இருந்து பேசுனது வெளியே யாருக்கும் கேக்கல, அதோட அனுப்புற கருவி அடிபட்டிருந்துச்சு, மத்தவங்க பேசுறத கேக்க மட்டும்தான் முடியும். ஆனா உள்ள பதிவாகியிருக்கு."

இருளப்பனுக்கு ஆறாம் வண்டி நின்றதும், புகை கிளம்பியதும் மட்டும்தான் தெரியும். பதில் எதுவும் அவருக்கு வந்து சேரவில்லை.

பதிவை ஓடவிட்டேன். முதலில் இன்ஜின் இரைச்சல். பிறகு மேஜர் திருவரங்கனின் குரல், தெளிவாக: "ஆறு. நீங்க நில்லுங்க. புகை போடுங்க. மத்தவங்க தாண்டிருவாங்க. மன்னிச்சிருங்க."

இரண்டு மூன்று வினாடி இரைச்சல் மட்டும். அதன் பிறகு சடையாண்டியின் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல நிதானமாக:

"சரி தம்பி. நீ ஒண்ணும் யோசிக்காத. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போ."

பதிவு முடிந்தது. வெளியே நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"தம்பின்னு சொல்றாரு" என்றார் மாரிச்செல்வி. "மேஜரப் போயி தம்பின்னு சொல்ல மாட்டாரு. மெஷினயும் சொல்ல மாட்டாரு. பேசுறது யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

மாரிச்செல்வி எழுந்து கட்டிலருகே போய், இருளப்பனின் கட்டுப் போடாத கையை முகத்திலிருந்து விலக்கி, தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, அங்க நீங்க இருந்தீங்க தம்பி" என்றார்.